அவள் வைத்த பெயர் இஸ்டேக்

ஜனவரி 21, ஞாயிறு

காலை ஏழு வரை பனி. எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. கோயிலுக்குப் போய் வந்து துணி ஊற வைத்தேன். சோப்பு தீர்ந்தது. நாளை ஞாபகமாக வாங்க.

உரக்கடையில் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் யூரியா, பொட்டாஷ் என்று ஒரு வரி. எனக்குக் கால் காணி நிலம் கிடையாது. சமையல் குறிப்பு எழுதிவைக்கலாம் என்று எடுத்தேன். எழுத எழுத மற்ற கதையெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பத்து மணிக்கு என் வீட்டுக்காரர் வந்தார், கையில் வாழையிலைப் பொட்டலத்தோடு. துரை நேற்று ஒன்றரைத் துண்டு மீதி வைத்துவிட்டாராம். துரை என்றால் பழைய காலத்துத் துரை இல்லை. ஏரி, மதகு, கலங்கல் எல்லாம் அளந்து எழுத வந்த வெள்ளைக்காரர். ஒல்லி, முப்பது வயசு இருக்கும். உத்திரமேரூரில் வீடு எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர்தான் அவருக்குச் சமையல். சனிக்கிழமை தவறாமல் ஸ்டேக். செங்கல்பட்டிலிருந்து மாட்டுக்கறி வரும், இரண்டு விரல் கனம். உப்பு, மிளகு, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டி, இந்தப் பக்கம் மூன்று நிமிஷம், அந்தப் பக்கம் மூன்று நிமிஷம். தீர்ந்தது சமையல். உள்ளே சிவப்பாகவே இருக்கும்.

"இதுக்கு ஒரு சமையக்காரன் வேணுமாமே? அடுப்பே தனியா பண்ணிடும்" என்பார் என் வீட்டுக்காரர். துரை பழையதைத் தொடமாட்டார். அதனால் மீதி எங்கள் வீட்டுக்கு.

மறக்காமல் இருக்க:
மறுபடி வேக வைக்கக் கூடாது. வைத்தால் செருப்பு.
நார் போகிற பக்கத்துக்குக் குறுக்கே அரிய வேண்டும். மெல்லிசாக.
எதில் போட்டாலும் கடைசியில். கொதி அடங்கின பிறகு.
உள்ளே சிவப்பாக இருக்கிற நடுத்துண்டுதான் நமக்கு நல்லது. ஓரம் ஏற்கெனவே வெந்துவிட்டது, அதைப் பிய்த்துப் பொடிக்கு.

பள்ளிக்கூடத்தில் கோமளா நாளைக்குப் பிதுக்கம்பருப்புக் குழம்பு கேட்டிருக்கிறாள். மொச்சை ஊற வைத்தாச்சு. பிதுக்கிப் பிதுக்கி விரல் வழுக்குகிறது.


ஜனவரி 22, திங்கள்

சாலவாக்கம் பஸ் இருபது நிமிஷம் லேட். ஹெச்.எம். கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அவர் கோபம் எப்போதும் கடிகாரத்தோடுதான்.

ஒன்றாம் வகுப்பில் 'ஆடு' எழுதச் சொன்னேன். பாதிப் பேர் 'அடு'.

மத்தியானம் மேப் வைக்கிற அறையில் நானும் கோமளாவும். குழம்பு நன்றாக வந்திருந்தது. பருப்பு வெந்து, தாளித்து இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்ததும் ஸ்டேக்கை நூல் மாதிரி அரிந்து போட்டு மூடிவிட்டேன். அந்தச் சூட்டிலேயே வெந்தது. கோ. தட்டை வழித்தாள்.

"எஸ்தரு, ஒன் வூட்டுக்காரரு சமைக்கிறாரு, பேரு. நீதான் சமையக்காரி."

புகழ்ந்தால் எனக்குப் பிடிக்கும். பிடிக்காதது மாதிரி இருந்தேன்.

இவளைப் பற்றி இங்கே எழுதியதே இல்லை. பள்ளிக்கூடம் இருக்கிற ஊரிலேயே பெரிய வீட்டு மருமகள். பம்ப்செட், களம், நெல் மூட்டை. மூன்றாம் வகுப்பு டீச்சர். நான் இங்கே வந்து ஆறு வருஷம். வந்த முதல் மாசம் யாரும் என் கையால் தண்ணீர் வாங்கவில்லை. நான் காலனிக்காரி, அதுவும் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி. ஒரு நாள் வெயிலில் வந்தவள் என் டம்ளரை எடுத்து மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "இன்னா முறைக்கிற? ஒன் தண்ணி தீந்துடுமா?" என்றாள். அன்றிலிருந்துதான் இந்தப் பள்ளிக்கூடம் எனக்குப் பள்ளிக்கூடம்.

கறியும் அப்படித்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், துரை வந்த புதிதில், என் டப்பாவில் கை விட்டு ஒரு துண்டை எடுத்துவிட்டாள். நான் உடனே சொன்னேன்: "அது மாட்டுக்கறி கோமளா, வாணாம்." அதற்குள் வாயில் போட்டாச்சு. மென்றாள். நிறுத்தினாள். மறுபடி மென்றாள்.

"வெள்ளக்காரன் இத்த இன்னான்னு சொல்றான்?"

"ஸ்டேக்."

"அப்ப இது இஸ்டேக். மாட்டுக்கறின்ற வார்த்தைய மட்டும் இந்த ரூம்ல சொல்லாத. நான் துன்றது மாடு இல்ல, இங்கிலீசு."

சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் புரை ஏறியது. அன்றிலிருந்து அதே பெயர்.


ஜனவரி 24, புதன்

பனி குறைந்திருக்கிறது. தொண்டை கரகரப்பு. சோப்பு இன்றும் மறந்தேன்.

ஓரத் துண்டுகள் மூன்றாம் நாள் பொடி ஆயின. செய்முறை: இழை இழையாகப் பிய்த்து, அடுப்பு அணைத்த பிறகு தட்டில் பரப்பி அடுப்பு மேலேயே வைத்தேன். காலையில் சுள்ளி மாதிரி காய்ந்திருந்தது. கொஞ்சம் நல்லெண்ணெயில் வறுத்து, மிளகாய், பூண்டு, கறிவேப்பிலை, கல்லுப்பு சேர்த்து இடித்தேன். இட்லிக்கும் ஆகும், சுடுசோற்றுக்கும் ஆகும். ஒரு வாரம் கெடாது. அவருக்கே தெரியாத வித்தை இது.

கோ.வுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தேன். போன வாரம் கொடுத்தது என்ன ஆச்சு என்று கேட்டேன். சாதாரணமாகச் சொல்கிறாள்: "மாமியா எடுத்து துன்னுச்சி. நல்லா கீதுன்னு பாதிய தீத்துடுச்சி."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

"இன்னான்னு சொல்லி குடுத்தே?"

"பேரு கேட்டுச்சி. இஸ்டேக்குன்னேன், நீ குடுத்தேன்னேன். பட்டணத்துப் பொடின்னு நெனச்சிக்கிச்சி."

"கோமளா, தெரியாதவங்களுக்குக் குடுக்கறது தப்பு. நீ தெரிஞ்சி துன்ற. அது வேற."

"ஒனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். அது கெயவி, அதுக்கு இன்னா தெரியும்?"

பொட்டலத்தைத் திருப்பி வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அவள் அதற்குள் பைக்குள் போட்டுவிட்டாள்.


ஜனவரி 26, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனால் வரிசையாக எழுதிவிட வேண்டும். நாளைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிடும், இப்படித்தான் நடந்ததா என்று.

எட்டரைக்குக் கொடி. மிட்டாய் உபயம் கப்பல்காரர். இந்த ஊர்தான், பல வருஷம் கப்பலில் சமையல் கட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பேச்சு முடிந்து பிள்ளைகள் வரிசையில் மிட்டாய் வாங்குகிறார்கள். ஊர்க்காரர்கள் வேப்பமரத்தடியில். கோ.வின் மாமியார் என்னைப் பார்த்ததும் நேராக வந்தார். நல்ல முகத்தோடுதான் வந்தார்.

"டீச்சரம்மா, அந்த இஸ்டேக் பொடி இன்னா ருசி! எனக்குப் பல்லு கெடயாது, நாக்குலயே கரையுது. எம் மருமவ ஒரு சிட்டிகதான் குடுக்கறா. எனக்குன்னு தனியா இடிச்சிக் குடும்மா."

பக்கத்தில் கப்பல்காரர். "இன்னா பொடி பெரிம்மா?"

"இஸ்டேக்கு தம்பி. நீ துன்னதில்லையா?"

அவர் சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு இல்லை. தெரிந்த பெயரைக் கேட்ட சந்தோஷம். "ஸ்டேக்கா! கப்பல்ல நானே எத்தினி சுட்டிருக்கேன். பெரிம்மா, அது மாட்டுக்கறி!"

மிட்டாய் வாங்குகிற பிள்ளைகள்கூட நின்றுவிட்டார்கள். அந்த அம்மா வாயில் இருந்த மிட்டாயைத் துப்பினார். பிறகு குனிந்து துப்பிக்கொண்டே இருந்தார். யாரோ தண்ணீர் கொண்டு ஓடினார்கள். எல்லாரும் கோ.வைப் பார்த்தார்கள். கோ. என்னைப் பார்த்தாள்.

"எஸ்தர் டீச்சர், இன்னா இது? ஆட்டுக்கறின்னுதானே சொன்னீங்க?"

சொன்னீங்க.

ஆறு வருஷத்தில் அவள் என்னை 'நீங்க' என்று சொன்னதில்லை. பிள்ளைகள் முன்னால்கூட 'எஸ்தரு, வா'தான். அந்த ஒரு 'ங்க'வில் என்னைக் கொண்டுபோய்க் காலனியில் விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு நின்றதை ஊரே பார்த்தது. அதையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.


ஜனவரி 27, சனி

லீவு. அரிசி களைந்தேன். களைந்ததையே மறுபடி களைந்தேன்.

நெஞ்சு எரிகிறது. ஒரு பட்டியல் போட்டால் ஆறுமா பார்க்கிறேன். கோமளா டீச்சர், மூன்றாம் வகுப்பு, என் கையால் தெரிந்தே சாப்பிட்டவை:

1. கறிவடை. கடலைப்பருப்பு, சோம்பு, பிய்த்த ஸ்டேக். ஐந்து. ஆறாவதை எனக்கு வைத்தாள், பிறகு அதையும் எடுத்தாள்.
2. முருங்கைக்கீரைப் பொரியல், அதில் தேங்காய்க்குப் பதில் பொடியாக அரிந்த கறி. "கீர எனக்கு ஆவாது, இது ஆவுது" என்றாள்.
3. பழைய சோறு, வெங்காயம், மிளகு, ஸ்டேக், ஒரே வதக்கல். ஆடி மாசம். அவள் வீட்டில் கூழ் ஊற்றின மறுநாள்.
4. முட்டை அடைக்குள் வைத்து மடித்தது. அவளே யோசனை சொன்னாள்.
5. உருளைக்கிழங்கு மாவுக்குள் பொதித்துச் சுட்டது. இது அவர் பட்டணத்தில் கற்றது. ஆறிப்போயும் சாப்பிட்டாள்.
6. கத்தரிக்காய் பிரட்டல். கத்தரிக்காய் அவள் தோட்டத்துக்காய். "என் காயி, ஒன் இஸ்டேக். சம்மந்தி ஆயிட்டோம்."
7. பிதுக்கம்பருப்பு. இந்த வாரம். விரல் நகம் இன்னும் வலிக்கிறது.

ஏழோடு நிறுத்துகிறேன். ஆறவில்லை. சம்பந்தியாம்.

யாரிடம் சொல்வது? அவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, "நம்ம சோத்த நாம துன்னோம். அவ வந்து கை வச்சா. இதுல ஒன் தப்பு இன்னா கீது?" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை.


ஜனவரி 28, ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. துரை மாமல்லபுரம் போயிருக்கிறார், அதனால் பொட்டலம் இல்லை. கத்தரிக்காய் குழம்பு, அப்பளம்.

நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும். என்ன முகத்தை வைத்துக்கொண்டு? ஆனால் முகத்தை மறைக்க வேண்டியவள் நானா?


ஜனவரி 29, திங்கள்

பஸ்ஸில் கூட்டம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஸ்டாப் முன்னால், ஏரிக்கரையில், கோ. நின்றிருந்தாள். கையைக் காட்டினாள். இறங்கினேன். இறங்கியிருக்கக் கூடாது.

கண் வீங்கியிருந்தது. மாமியார் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். வீடு முழுக்கக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அடுப்புச் சட்டிகளை எல்லாம் உடைத்தார்களாம். அவள் வீட்டுக்காரர் அவளோடு பேசுவதில்லையாம். "தெரிஞ்சி துன்னேன்னு தெரிஞ்சா என்னத் தாய் வூட்டுக்கு அனுப்பிடுவாங்க எஸ்தரு. என் ரெண்டு பொண்ணுங்க இன்னா ஆவும்?"

இப்போது எஸ்தரு.

"அன்னிக்கு எல்லார் எதிர்லயும் சொல்லிட்டியே" என்றேன்.

"வாயில வந்துச்சி, சொல்லிட்டேன். ஹெச்.எம். எழுதிக் கேப்பாரு. ஆட்டுக்கறின்னு நான்தான் சொன்னேன்னு ஒரு வரி எழுதிக் குடு. ஒரே ஒரு வரி. ஒனக்கு இதுல இன்னா போவுது? நீங்க துன்றவங்கதானே."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் அழுதுகொண்டே சொன்னாள். திட்டவில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. அவள் நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறாள். எனக்குப் போவதற்கு ஒன்றுமே இல்லை என்று. மாமியாருக்கு இன்னதென்று சொல்லாமல் கொடுத்தது அவள். பெயர் வைத்தது அவள். ஏமாற்றுக்காரி என்ற பெயர் மட்டும் எனக்கு.

ஆனால் அந்த இரண்டு பெண் குழந்தைகள். பெரியது என்னிடம்தான் 'அ' எழுதப் படித்தது. சரி என்று தலையாட்டிவிட்டேன். மடச்சி.

மத்தியானம் தனியாகச் சாப்பிட்டேன், மேப் அறையில். எலுமிச்சம்பழச் சோறு. வகுப்பில் தண்ணீர்ப் பானைக்கு ஊரார் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். நான் இனி மொள்ளக் கூடாது.


ஜனவரி 30, செவ்வாய்

வெயில் சுள்ளென்று. ஒரு வரிதான் எழுத வேண்டும். நான்கு தாள் கிழித்தேன்.

கடைசியில்: 'ஆட்டுக்கறி என்று நான்தான் கோமளா டீச்சரிடம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் தெரியாது.' கையெழுத்து. மடித்துப் பையில் வைத்தேன். வீட்டுக்காரரிடம் காட்டவில்லை. காட்டினால் கிழித்துவிடுவார்.

சோப்பு வாங்கினேன்.


ஜனவரி 31, புதன்

ஹெச்.எம். அறை. இன்றைக்கும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"டீச்சர், ஒக்காருங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. ஊர்க்காரங்க பேஜார் பண்றாங்க. நீங்க ஒரு விளக்கம் எழுதிக் குடுத்துட்டா நான் மேல அனுப்பிட்டு சும்மா இருந்துடுவேன்."

பையில் கை விட்டேன். கடிதத்தை எடுப்பதற்குள் அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "கோமளா டீச்சர் எழுதினது. நீங்களும் படிச்சிட்டா நல்லது."

இரண்டு பக்கம். கோ.வின் கையெழுத்து. கரும்பலகையில் எழுதுகிற அதே உருண்டை உருண்டையான எழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. மனப்பாடமாகிவிட்டது: 'எஸ்தர் ஆசிரியை ஸ்டேக் என்னும் ஆங்கிலப் பெயரைச் சொல்லி, ஆட்டுக்கறி என நம்பவைத்து, என்னை இரண்டாண்டுகளாக ஏமாற்றி வந்துள்ளார். எனக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாது. நம்பி வீட்டுக்கும் எடுத்துச் சென்றேன். இத்தகையவர் பிள்ளைகளின் மத்தியான உணவுப் பக்கம் வருவது சரியல்ல. எதைக் கலப்பார் என்று யார் அறிவார்.'

நான் கேட்டேன்: "இத்த எப்ப குடுத்தாங்க சார்?"

"சனிக்கெயமயே வூட்டாண்ட வந்து குடுத்துட்டாங்க. நான் கேக்கக்கூட இல்ல."

சனிக்கிழமை. நான் உட்கார்ந்து பட்டியல் போட்ட சனிக்கிழமை. ஏரிக்கரையில் அழுதது திங்கட்கிழமை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்துதான் அழுதிருக்கிறாள். என் ஒரு வரி அவள் இரண்டு பக்கத்துக்குச் சாட்சிக் கையெழுத்து. அது தெரிந்துதான் கேட்டிருக்கிறாள்.

பயந்து ஒரு பொய் சொன்னாள் என்றால் பொறுத்துக்கொள்வேன். நானும் பயந்தவள்தான். பிள்ளைகள் சோற்றில் நான் கலப்பேன் என்று எழுத எப்படிக் கை வந்தது? அந்தக் கை என் தட்டில் இருந்த கை.

என் கடிதத்தைப் பையிலேயே விட்டேன். ஹெச்.எம்.மிடம் ஒரு தாள் கேட்டு வாங்கி அங்கேயே எழுதினேன்: 'நான் மாட்டுக்கறி என்று சொல்லித்தான் கொடுத்தேன். கோமளா டீச்சர் தெரிந்துதான் சாப்பிட்டார். ஸ்டேக் என்று சொல்லச் சொன்னவர் அவர். அவர் மாமியாருக்குக் கொடுத்தது நான் இல்லை. பிள்ளைகள் சாப்பாட்டில் நான் எதையும் கலந்ததும் இல்லை, கலக்கவும் மாட்டேன்.'

படித்துவிட்டு நெற்றியைத் தடவினார். "இது நெசமா இருக்கலாம் டீச்சர். ஆனா யாரு நம்புவா?"

"நம்பறதுக்கு எழுதல சார். நீங்க விளக்கம் கேட்டீங்க."

பேனாவை மூடிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.


பிப்ரவரி 2, வெள்ளி

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. இவ்வளவு வேகமாக அரசாங்கக் காகிதம் வந்து நான் பார்த்ததில்லை. தாமல் தாண்டி ஒரு ஊர். காஞ்சிபுரம் போய் வேறு பஸ் மாற வேண்டும். காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். காரணம்: 'நிர்வாக நலன்'.

ஹெச்.எம்.: "அங்க பெரிய ஏரி டீச்சர். நல்ல காத்து." பாவம், ஆறுதல் சொல்கிறாராம்.

கோ. மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வராந்தாவில் போனேன். ஏழாம் வாய்ப்பாட்டில் ஒரு இடத்தில் தடுமாறினாள். தடுமாறட்டும்.

அவள் நல்லபடியாக இருக்கிறாளாம். மாமியார் மருமகள் கையாலேயே கஞ்சி குடிக்கிறாராம். எல்லாப் பழியும் காலனிக்காரி மேல் போனதும் அந்த வீட்டுக்கு நிம்மதி. தண்ணீர் மொள்ளுகிற அம்மா சொன்னது.

உண்மையைச் சொல்கிறேன், இந்த டைரியில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது: வலிப்பது ஊர் மாற்றியதுகூட இல்லை. மத்தியானம் டப்பாவைத் திறக்கும்போது எதிரே ஆள் இல்லை. அவள் இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளை வெறுக்கவும் வேண்டும், மத்தியானம் அவள் வேண்டும். அவமானமாக இருக்கிறது.


பிப்ரவரி 4, ஞாயிறு

துரை வந்துவிட்டார். பொட்டலமும் வந்தது. இரண்டு முழுத் துண்டு. துரைக்கு வயிறு சரியில்லையாம், தொடவே இல்லை.

"வாணாம்னா நாய்க்குப் போட்டுடவா?" என்றார் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்த்து.

"நாய்க்கு எதுக்கு? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

அவர் சிரித்தார். பத்து நாளில் முதல் தடவை.

கோபத்தில் சமைத்தேன். இதுவரை செய்ததிலேயே இதுதான் மேல். எழுதி வைக்கிறேன்:
சின்ன வெங்காயம் இரண்டு கை, பூண்டு ஒரு கை, நல்லெண்ணெயில் பழுப்பாக. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, நினைத்ததை விட அதிகம். புளி கொஞ்சமே கொஞ்சம். தொக்கு சுருண்டு எண்ணெய் விட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு, குறுக்கே அரிந்த கறியைப் போட்டுப் பிரட்டி மூடி வைக்க வேண்டும். திறந்து பார்க்கக் கூடாது. கால் மணி நேரம்.
மேலே இடித்த மிளகு. பச்சைக் கறிவேப்பிலை.

அவர் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார். "இத்த துரைக்குப் பண்ணிக் குடுத்தா நாட்டுக்கே போவமாட்டாரு."


பிப்ரவரி 5, திங்கள்

கடைசியாகப் பழைய பள்ளிக்கூடம். வருகைப் பதிவேடு, சாக்பீஸ் டப்பா, மணிச்சட்டம், பீரோ சாவி. எல்லாம் ஒப்படைத்துக் கையெழுத்து. பிள்ளைகள் வந்து வரிசையாக நின்று 'போய்ட்டு வாங்க டீச்சர்' என்றார்கள். 'ஆடு' இப்போது எல்லாருக்கும் வருகிறது.

சாப்பிடவில்லை. டப்பாவைத் திறந்தபோதுதான் பார்த்தேன், கைப்பழக்கத்தில் இரண்டு பேருக்கு வைத்திருக்கிறேன். மூடிவிட்டேன்.

நாலு மணிக்கு பஸ் ஸ்டாப். புல்லுக்கட்டோடு இரண்டு பெண்கள், வெற்றிலைக்கடைக்காரர், கப்பல்காரர். அவர் என்னைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டார். அவருக்காவது குனியத் தெரிகிறது.

கோ. வந்தாள். என் பக்கத்தில் நிற்கவில்லை, ஒரு கை தள்ளி. ரோட்டைப் பார்த்துக்கொண்டே, உதடு அசையாமல்:

"எஸ்தரு, எம்மேல கோவமா?"

டப்பாப் பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டேன்.

"எங்க போனா இன்னா, நீ என் எஸ்தருதான். நான் தெனம் நெனச்சிக்கினு இருப்பேன்." புல்லுக்கட்டுக்காரிகளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு இன்னும் சின்னக் குரலில், "வாசன அடிக்குது. நேத்து ஞாயித்துக்கெயமதானே. இஸ்டேக்கு எதனா கீதா?"

முந்தானைக்கு அடியில் அவள் கை நீண்டிருந்தது. உள்ளங்கை மேலாக. யாருக்கும் தெரியாமல் வாங்கிக்கொள்ள.

ஒரு நொடி எனக்கு வயிறு குளிர்ந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். கேட்டுவிட்டாளே என்று சந்தோஷம் வந்தது எனக்கு. அடுத்த நொடி அந்த நீண்ட கையைப் பார்த்தேன்.

டப்பாவைத் திறந்தேன். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினேன். கத்தவில்லை. ஒன்றாம் வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல் இருக்கிறதே, அந்தக் குரல்.

"மாட்டுக்கறி கீது கோமளா. ஒனக்கும் சேத்துத்தான் கொண்டாந்தேன். எடுத்துக்கோ."

புல்லுக்கட்டுக்காரிகள் திரும்பினார்கள். வெற்றிலைக்கடைக்காரர் சுண்ணாம்புக் குச்சியைக் கீழே வைத்தார். அவள் கை முந்தானைக்குள்ளேயே இருந்தது.

பஸ் வந்தது. ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மானாம்பதி போகிற ஆள் ஒருவர் பக்கத்தில் முகம் சுளிக்கச் சுளிக்க, இரண்டு பேர் பங்கையும் நானே சாப்பிட்டேன்.